‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’

மனநல மருத்துவமனையிலிருந்து தேறி வெளியே வரும் ஒருவர் எங்கே போனால் நன்றாக இருப்பார்? அம்மாவிடம், இல்லையென்றால் மனைவியிடம். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். 1950களின் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. அம்மாவிடமும் மனைவியிடமும் திரும்பிப் போனவர்கள்தான் அதிகமாக மறுபடி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். உடன்பிறந்தவர்கள் வீட்டில் ஒண்டிக்கொண்டவர்களும், முன்பின் தெரியாத வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியவர்களும் அவர்களைவிட நன்றாகவே சமாளித்தார்கள்.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் தென்பட்டது. அம்மாவோடு தங்கியவர்களிலும், அம்மாவோ மகனோ பகலில் வேலைக்குப் போய்வரும் வீடுகளில் நோய் திரும்புவது குறைவாக இருந்தது.

மனச்சிதைவுக்கு முதன்முதலாக ஒரு மாத்திரை கிடைத்து, வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தவர்கள் வீடு திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. மருந்து எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், வீடுதான் ஆளுக்கு ஆள் வேறு. அப்படியானால் வீட்டுக்குள் என்னவோ நடக்கிறது. அது என்ன என்று பிடிக்க பிரவுனுக்கும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட இருபது வருடம் ஆனது.

அவர்கள் கடைசியில் கண்டுபிடித்த முறை சுவாரசியமானது. நோயாளி பக்கத்தில் இல்லாதபோது வீட்டிலுள்ள ஒருவரை உட்காரவைத்து, கடந்த சில மாதங்கள் வீட்டில் எப்படிப் போயின என்று பேசவிடுவார்கள். எல்லாம் டேப்பில் பதிவாகும். பிறகு, பயிற்சி பெற்ற ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே எண்ணுவார். எத்தனை முறை குறை சொன்னார், பேச்சில் வெறுப்பு தெரிந்ததா, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்கிறாரா, கனிவு இருந்ததா, ஒரு நல்ல வார்த்தையாவது சொன்னாரா. இதில் சொல் பாதி, குரல் பாதி. ‘காலையில பத்து மணிக்கு எழுந்திருப்பான்’ என்றால் அது தகவல். அதையே ‘பத்து மணிக்குத்தா...ன் எழுந்திருப்பார் தொரை’ என்று இழுத்துச் சொன்னால் அது ஒரு குறை, கணக்கில் ஏறும். தமிழ் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் ‘தொரை’, ‘மகாராணி’ எல்லாம் மரியாதைச் சொற்கள் அல்ல என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

1976ஆம் ஆண்டு கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற இருவர் தங்கள் ஆய்வையும் பிரவுன் குழுவின் ஆய்வையும் சேர்த்து ஒரு கணக்கு கொடுத்தார்கள். குறையும் வெறுப்பும் மிதமிஞ்சிய பதற்றமும் நிறைந்த, ‘குரல் ஏறிய’ வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 51 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. குரல் இறங்கிய வீடுகளில் 13 சதவீதம். குரல் ஏறிய வீடுகளிலும் ஒரு பிரிவு உண்டு. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 69 சதவீதம், அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு 28 சதவீதம். அம்மா வேலைக்குப் போன வீடுகளின் ரகசியம் இப்போது கொஞ்சம் புரிகிறது. மருந்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. குறை சொல்லும் வீட்டில் மருந்தும் இல்லாமல் இருந்தவர்கள் நிலைதான் எல்லாரையும்விட மோசம்.

மனச்சிதைவு நோயாளி இல்லாத வீட்டுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 1998இல் ஜில் ஹூலி, ரொனால்ட் பட்ஸ்லாஃப் என்ற ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வீட்டுப் பேச்சின் பாதிப்பு மனச்சோர்வு போன்ற நோய்களிலும் உணவு சார்ந்த மனநோய்களிலும் மனச்சிதைவைவிட இன்னும் பலமாகவே இருந்தது. மனச்சோர்வு என்பது எந்தத் தெருவிலும் நாலு வீட்டில் இருக்கும் சங்கதி. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை அந்த நேரத்தில் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இடம்பெற்ற மாநிலம்தான்.

இதே ஹூலி 1989இல் ஜான் டீஸ்டேலோடு சேர்ந்து செய்த ஒரு ஆய்வு இன்னும் எளிமையானது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: உங்கள் கணவர் அல்லது மனைவி உங்களை எந்த அளவுக்குக் குறை சொல்கிறார்? ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். மணிக்கணக்கான நேர்காணலைவிட இந்த ஒற்றை எண்ணே யாருக்கு நோய் திரும்பும் என்பதைச் சரியாகக் காட்டியது. கவனிக்க வேண்டியது, எண்ணைச் சொல்பவர் யார் என்பது. குறை சொல்பவர் தனக்கு எவ்வளவு போட்டுக்கொள்வார் என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டால் பெரும்பாலும் ‘நான் எங்க குறை சொல்றேன், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்ற பதில்தான் வரும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகள் எதுவும் குடும்பம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று சொல்லவில்லை. அப்படியொரு கொடுமையான கொள்கை ஏற்கெனவே இருந்தது. 1940களின் இறுதியிலிருந்து பல வருடம், பிள்ளையின் மனச்சிதைவுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று மேலை நாட்டு மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்துகொண்டே செத்துப்போனார்கள். அந்தக் கொள்கை இன்று குப்பைக்குப் போய்விட்டது. வீட்டுப் பேச்சு நோயின் போக்கை மாற்றுகிறது, நோயை உண்டாக்குவதில்லை. அந்தப் பேச்சும் பெரும்பாலும் களைப்பிலிருந்தும் பயத்திலிருந்தும் வருகிறது. ராத்திரி தூங்காத மகனோடு தானும் விழித்திருந்து, காலையில் எழுந்து இட்லி ஊற்றுகிறவளின் குரலில் தேன் சொட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஒருநாள் அவள் இடத்தில் இருந்து பார்க்கலாம்.

லண்டன் கணக்கு இந்தியாவுக்குப் பொருந்துமா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 1980களில் சண்டிகரில் நடந்த ஆய்வு அது. லண்டனில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் ‘குரல் ஏறிய’ பட்டியலில் வந்தன என்றால், சண்டிகரில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. நகரத்தைவிடச் சுற்றியிருந்த கிராமங்களில் இன்னும் குறைவு. பெரிய குடும்பம், வேலையைப் பங்குபோட்டுக்கொள்ள நாலு பேர், வயல்வெளி, விதியின் மேல் பாரத்தைப் போட்டுவிடும் மனசு என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அந்தக் குடும்பங்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது நோய் திரும்புவதோடு ஒட்டிவந்தது வெறுப்பு ஒன்றுதான். பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வது இங்கே அவ்வளவாகக் கெடுதல் செய்யவில்லை. இருபத்தெட்டு வயது மகனுக்கு அம்மா சோறு பிசைந்து போடுவதை லண்டன் ஆய்வாளர் விபரீதமாகக் குறித்துக்கொள்வார். இங்கே அது அன்றாட வழக்கம்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் இந்தியா உலகத்துக்கே முன்னோடி என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர், இடநெருக்கடியால் திணறியபோது, வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளியையும் அவர் குடும்பத்தாரையும் சேர்த்தே தங்கவைத்தார். அவர்கள் கண்ணெதிரிலேயே நோயாளி தேறினார். பயந்து ஒதுங்கியவர்கள் பக்கத்தில் உட்காரப் பழகினார்கள், ஊருக்குத் திரும்பி மற்றவர்களுக்கும் சொன்னார்கள். வேலூர் சிஎம்சி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது இந்த வழக்கத்தையே தன் முறையாக்கிக்கொண்டது. அங்கே உள்நோயாளி தனியாகச் சேர்வதில்லை, வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்குவார். பல நாடுகளில் மனநல வார்டின் கதவு சொந்தக்காரர்களுக்கு மூடியே இருந்த காலத்தில் நடந்தது இது.

அப்படித் தங்கும் நாட்களில் குடும்பம் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், எது நோய், எது சோம்பேறித்தனம் என்பது. இதில்தான் பெரும்பாலான வீடுகள் இடறுகின்றன. காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் மகனை யாரும் திட்டுவதில்லை, பாவம் என்கிறார்கள். குளிக்காமல், பேசாமல், படுத்த இடத்திலேயே கிடக்கும் மகனைத்தான் திட்டுகிறார்கள். நேர்காணல்களில் பதிவான குறைகளிலும் பெரும்பங்கு இப்படிப்பட்டவைதான். மனச்சோர்விலும் அதே கதை. ‘உனக்கு என்னடி குறைச்சல், கை நிறைய சம்பளம், தங்கமான புருஷன்’ என்று அடுக்கும்போது சொல்பவருக்கு அது ஆறுதல். கேட்பவருக்கோ, இவ்வளவு இருந்தும் எழுந்திருக்க முடியாததற்குத் தன் லட்சணம்தான் காரணம் என்று உறைக்கிறது.

வேறு எப்படித்தான் பேசுவது? இதற்கு மனநல ஊழியர்கள் தரும் யோசனைகள் கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆளைச் சொல்லாமல் காரியத்தைச் சொல்வது. ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்பதில் ஆயுள் முழுவதும் அடங்கிவிடுகிறது. ‘இன்னைக்கு கரண்ட் பில் கட்டலையே’ என்பதில் ஒரு பில் மட்டும்தான் இருக்கிறது, கட்டிவிடலாம். பழைய கணக்கை இழுக்காமல் இருப்பது. பக்கத்து வீட்டுப் பையனை அவன் வீட்டிலேயே விட்டுவிடுவது. ‘ஏன்டா இப்படிக் கெடக்கற?’ என்ற கேள்வியை விட்டு, ‘வெண்டைக்காய் நறுக்கணும், வந்து உட்காரு’ என்று கூப்பிடுவது. கடைசி யோசனைக்கு ஆதாரமும் இருக்கிறது. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும் மனச்சோர்வுள்ளவர்களுக்கு ஒரு எளிய சிகிச்சையைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அதைக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். மனசு சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திராமல், சின்ன வேலையில் முதலில் இறங்கச் செய்வதுதான் அதன் அடிப்படை. வழக்கமான ஆரம்ப சுகாதார நிலையச் சிகிச்சையோடு இதுவும் கிடைத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்.

இதெல்லாம் ஒரே நாளில் வராது. தமிழ் வீட்டில் அன்பும் அதட்டலும் ஒரே தட்டில்தான் வருகின்றன. ‘தின்னு தொலை’ என்று சொல்லி இன்னொரு தோசை போடுவது இங்கே பாசம். அதை மாற்றச் சொல்வது அபத்தம். மாற்ற வேண்டியது, சாப்பிடுகிறவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்காமலே பேசிக்கொண்டு போவதை. நேற்றுவரை சிரித்துக்கொண்டு கேட்ட பெண் இன்று தட்டை விட்டு எழுந்துபோனால், அன்றைக்கு அது பாசமாகப் போய்ச் சேரவில்லை.

பாசம் இப்படிப் போய்ச் சேராமல் போவதற்குப் பிளஸ் டூ வீடு நல்ல உதாரணம். கேபிள் துண்டிக்கப்படுகிறது, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒருவர் மட்டும் போகிறார், அம்மா லீவு போட்டுவிட்டு அறை வாசலில் பாலோடு நிற்கிறார். எல்லோரும் ரகசியக் குரலில் பேசுகிறார்கள். யாரும் எதுவும் குறை சொல்வதில்லை, ஆனால் அந்த மௌனமே பிள்ளையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. தேர்வு முடிவு வரும் நாட்களில் அரசின் 104 சேவையில் மாணவர்களுக்கு ஆலோசனை தர ஏற்பாடு செய்கிறார்கள். நல்ல விஷயம். பெற்றோரும் அதே எண்ணில் பேசலாம் என்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

இனி அந்த 35 மணி நேரக் கணக்கு. நாள் முழுக்க ஒரே கூரைக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது நெருக்கம் என்று நாம் நம்புகிறோம். இரண்டு அறை வீட்டில் ஓய்வுபெற்ற கணவரும், அதுவரை பகலெல்லாம் வீட்டைத் தனி ராஜ்ஜியமாக வைத்திருந்த மனைவியும் முதல் ஆறு மாதத்தில் போடும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். நூலகம், கோயில், காலைநடை, தையல் வகுப்பு, முக்குக் கடையில் பேப்பர் படிப்பது எல்லாம் வெட்டிப் பொழுது இல்லை, வீட்டுக்குக் காற்று. குறிப்பாக, நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் வாரத்தில் அரை நாளாவது வெளியே போய்வர வேண்டும். அதற்கு வீட்டில் மற்றவர்கள் இடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் பெண்தான் என்பதால், ‘எங்கடி கிளம்பிட்ட?’ என்ற கேள்வியைக் குடும்பமே நிறுத்தியாக வேண்டும்.

கனிவு பற்றியும், அது குடியிருக்கும் குடும்பக் கதைகள் பற்றியும் கொஞ்சம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 2001இல் குழந்தைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, குடும்பத்தில் நடந்த பெரிய கஷ்டம் எதுவாவது தெரியுமா என்கிற மாதிரிக் கேள்விகள். பொறி தட்டியது டியூக்கின் மனைவிக்கு. கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்த அவர், தங்கள் குடும்பக் கதை தெரிந்த குழந்தைகள் சிரமங்களை நன்றாகச் சமாளிப்பதைக் கவனித்திருந்தார். ஆய்விலும் அதுவே தெரிந்தது. அதிகம் தெரிந்த குழந்தைகளுக்குத் தன்மதிப்பு கூடுதல், பதற்றம் குறைவு. இதைப் படித்துவிட்டுக் கொள்ளுப்பாட்டியின் பெயரை மனப்பாடம் செய்யவைத்தால் பலனில்லை என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். அந்தக் கதைகள் சொல்லப்பட்ட சாப்பாட்டு நேரங்களும் கார்ப் பயணங்களும்தான் வேலை செய்தவை.

ஏறியதும் இறங்கியதும் சேர்ந்த கதைகள்தான் பிள்ளைகளுக்கு அதிகம் உதவுகின்றன என்பதும் அவர்கள் கண்டது. நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான். தாத்தா நடந்தே பள்ளிக்கூடம் போனது தினமும் சொல்லப்படும். அதே தாத்தா வியாபாரத்தில் நொடித்து மூன்று மாதம் யாரோடும் பேசாமல் திண்ணையில் படுத்துக் கிடந்ததையும், சித்தி பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தூக்கவே மாட்டேன் என்று அழுததையும் யாரும் வாய் திறப்பதில்லை. கல்யாணச் சந்தையில் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். அதனால், தனக்கு அதேபோல வரும்போது இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒரு பெண் நினைத்துக்கொள்கிறாள்.

பேச்சால் மட்டும் தீராத கட்டமும் உண்டு. தூக்கம் இரண்டு வாரமாக இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, ‘நான் இல்லாமப் போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்ற பேச்சு வருகிறது என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். அப்போது ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன. அப்படி ஆவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டால் பலருக்குப் பாரம் இறங்குகிறது. கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருப்பதுதான் கடினம். அந்த நிலையில் இருப்பவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தும் மாத்திரைப் பெட்டியும் கைக்கெட்டாத இடத்தில் பூட்டிவைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்துக்குக் காசு கிடையாது.

மறுபடி வீட்டுப் பேச்சுக்கு வருவோம். வீட்டுக் குரலை இறக்க முடியுமா என்பதையும் முன்னே சொன்ன ஜூலியன் லெஃப் 1980களின் தொடக்கத்தில் சோதித்தார். குரல் ஏறிய குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மறுபாதிக்கு அதோடு குடும்பப் பயிற்சியும். ஒன்பது மாதத்தில் முதல் பிரிவில் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது, இரண்டாவதில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சின்ன ஆய்வுதான், பின்னால் வந்தவை பல அதே திசையில் போயின. அந்தப் பயிற்சியின் முக்கியமான பகுதி உறவினர் கூட்டம். குரல் ஏறிய குடும்பங்களையும் இயல்பாகவே குரல் இறங்கிய குடும்பங்களையும் வேண்டுமென்றே ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். மருத்துவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிற அம்மா, இன்னொரு அம்மா சொன்னால் சண்டை போடுவார், எதிர்க்கேள்வி கேட்பார், பிறகு வீட்டில் போய்ச் செய்தும் பார்ப்பார்.

சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும், 1980களின் இறுதியில் குடும்பத்தினரே சேர்ந்து உருவாக்கிய ஆஷா அமைப்பும் இப்படிப்பட்ட குடும்பங்களை ஒன்றுசேர்ப்பதைப் பல வருடமாகச் செய்துவந்திருக்கின்றன. இத்தகைய கூட்டங்களில் தத்துவம் எதுவும் பேசப்படுவதில்லை. மாத்திரையை ஒரு ராத்திரியில் எத்தனை தடவை ஞாபகப்படுத்தலாம், குளிக்கச் சொல்லி அவன் கதவைச் சாத்திக்கொண்டால் தட்டுவதா விடுவதா, மாமியார் கேட்டால் என்ன சொல்வது, மகனை விட்டுவிட்டு இரண்டு நாள் திருப்பதி போய்வர யார் வீட்டில் வந்து இருப்பார்கள் என்று பேச்சு போகும். ஒருவர் கேட்பார், நாலு பேர் நாலு விதமாகப் பதில் சொல்வார்கள், அதில் ஒன்று கேட்டவர் வீட்டுக்குப் பொருந்தும்.